வைசரில் பூசிய தைலம்

கண்டியில் ஒரு துணிக்கடைக்கு மேலே, மூன்றாம் மாடியில், ராணுவச் சாமான்களைப் பற்றித் தகவல் சொல்லும் கந்தோர் ஒன்றில் கொஞ்சக் காலம் வேலை செய்தேன். இதைச் சொன்னால் ஆட்கள் ஒன்று சிரிக்கிறார்கள், இல்லை குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். இரண்டும் தேவையில்லை. அங்கே துவக்கும் இல்லை, குண்டும் இல்லை. இருந்ததெல்லாம் கடதாசி.

கூடாரம் தைத்து ராணுவத்துக்குக் கொடுக்க ஒருவர் ஆசைப்படுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். துணி எவ்வளவு தண்ணீரைத் தாங்க வேண்டும், தையல் நூல் எவ்வளவு இழுத்தால் அறும், சப்பாத்தின் அடியை எத்தனை தடவை மடக்கிப் பார்ப்பார்கள், இதெல்லாம் அவருக்குத் தெரிய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எங்கேயோ ஒரு நாட்டில் யாரோ ஒரு முறை எழுதி வைத்திருக்கிறார்கள். அதைத் தேடி எடுத்து, விளக்கிச் சொல்லி, சாமானைச் சோதனைக்கு அனுப்பி, முடிவு வந்ததும் அது என்ன சொல்கிறது என்று சொல்வதுதான் எங்கள் வேலை. பின்னறையில் துணி கிழித்துப் பார்க்கும் இயந்திரம் ஒன்றும், தண்ணீர் ஊற்றிப் பார்க்கும் கண்ணாடிக் குழாய் ஒன்றும் இருந்தன. அதற்கு மேலான சோதனை எதுவும் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போகும்.

இந்த வேலைக்கு நான் எப்படி வந்தேன் என்று கேட்பவர்களுக்கு நேரான பதில் இல்லை. ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தேன். சாதாரண தரப் பரீட்சையில் கணக்கு பெயில். திரும்ப எழுதச் சொன்னார்கள், நான் எழுதவில்லை. ஹோட்டலில் கோப்பை கழுவினேன், தம்புள்ளைக்கு மரக்கறி லொறியில் போனேன், கொழும்பில் ஒரு கட்டடத்துக்கு முன்னால் தொப்பி போட்டுக்கொண்டு நின்றேன். எங்கேயும் அதிக நாள் இருக்க முடிவதில்லை. யாரும் துரத்துவதில்லை, எனக்கே கால் நிற்காது. பிறகு வளைகுடாவில் ஒரு கட்டடக் கொம்பனியின் ஸ்டோரில் போட்டார்கள். ஹெல்மட், கையுறை, கண்ணாடி, கயிறு எல்லாம் அங்கேதான் அடுக்கி வைத்திருந்தது. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு கடதாசி இருக்கும். யாரும் வாசிக்க மாட்டார்கள். ஸ்டோருக்குள் குளிரூட்டி இருந்தது, வெளியே வெயில் கொன்றது. அதனால் நான் உள்ளேயே இருந்து வாசித்தேன். என் ஆங்கிலம் பெட்டிக்குள் கிடந்த ஆங்கிலம். காதல் கடிதம் எழுத உதவாது. எந்தப் பிளாஸ்டிக் எந்த வெயிலில் வெடிக்கும் என்று சொல்ல உதவும்.

கந்தோரின் முதலாளி அலவத்துகொடக்காரர். எல்லோரும் ஹாஜியார் என்போம். துணி வியாபாரத்தில் இருந்தவர். ஒருமுறை ராணுவத்துக்குத் துணி கொடுக்கப் போய், துணி சரியாக இருந்தும் கடதாசி சரியாக இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றைக்குத் துணியை விட்டுவிட்டுக் கடதாசியைப் பிடித்துக்கொண்டார். என்னை வேலைக்கு எடுத்தபோது அவர் கேட்டது இவ்வளவுதான்.

“பாஸா, பெயிலா?”

“பெயிலுங்க ஹாஜியார்.”

“எதுல?”

“கணக்குல.”

“கணக்க நான் பாத்துக்குவேன். பேப்பர் தேடுவியா?”

“தேடுவேன்.”

“அப்ப கதிரைய இழுத்து ஒக்காரு மகன்.”

கந்தோரில் இன்னும் ஒருவர், இஞ்சினியர். சிங்களப் பெண், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். நான் மிஸ் என்பேன், அவர் மல்லி என்பார், சிங்களத்தில் தம்பி. பக்கத்து வீட்டாரிடம் பழகிய தமிழ் அவருக்குத் தாராளமாக வரும். ஒரு கடதாசியில் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று எனக்குக் காட்டித் தந்தவர் அவர்தான்.

ஹாஜியாருக்கு ஒரு சட்டம் இருந்தது. வாசி, விளக்கு, ஆனால் செய் என்றும் சொல்லாதே, செய்யாதே என்றும் சொல்லாதே. நாங்கள் தகவல் கொடுக்கிறவர்கள், தீர்ப்புக் கொடுக்கிறவர்கள் இல்லை. நல்ல சட்டம். அதற்குள் பல மாதம் நிம்மதியாக இருந்தேன். கண்டி குட்ஸ் ஷெட் பஸ் நிலையத்தில் என் மச்சான் ஒருவன் என்னைப் பார்க்கும்போதெல்லாம், “வாங்க ஜெனரல், ஆர்மி எப்படி இருக்கு?” என்று சத்தமாகக் கேட்பான். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். “ஒன் சப்பாத்தவிட நல்லா இருக்கு” என்பேன். தமிழன் ஒருத்தனுக்கு ராணுவச் சாமானோடு என்ன வேலை என்பதுதான் அவன் கேள்வி. வேறு சிலர் அதை வேறு மாதிரி யோசித்தார்கள், வேலைக்குச் சேர்ந்த புதிதில் பொலிஸில் இருந்து என்னைப் பற்றி விசாரிக்கத் தோட்டத்துக்கே வந்தார்கள். இரண்டு பக்கத்துக்கும் நான் விளக்கம் சொல்லவில்லை. சம்பளம் வந்தது, கடதாசி பிடித்திருந்தது.

எங்கள் பெரிய வாடிக்கையாளர் கொழும்பில் ஒரு கொம்பனி. அவர்கள் கண்ணிவெடி அகற்றுகிறவர்களுக்கு முகத்தை மறைக்கும் தடித்த பிளாஸ்டிக் கண்ணாடி இறக்குமதி செய்தார்கள். வைசர் என்பார்கள். நெற்றியில் பட்டியால் கட்டினால் தாடைக்குக் கீழே வரைக்கும் தொங்கும். அதைச் சோதிக்கும் முறை ராணுவ ஹெல்மட்டைச் சோதிக்கும் முறைதான், சின்ன இரும்புத் துண்டுகளை வேகமாகச் சுட்டுப் பார்ப்பார்கள். அந்தச் சோதனைக் கடதாசிகளைச் சரிபார்த்துக் கொடுத்தது நாங்கள். பெட்டியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும், மூன்று மொழியில்: தொழில்நுட்பத் தகவல்களுக்கு இந்த இலக்கத்தை அழைக்கவும். கொம்பனியின் இலக்கத்தைப் போடாமல் எங்கள் இலக்கத்தைப் போடச் சொன்னார்கள். தமிழ் வரியை நான் எழுதினேன். அந்த வரியை யாராவது வாசித்து அழைப்பார்கள் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மூன்று மொழி என்பது சட்டத்துக்கு.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். ஹாஜியார் ஜும்மாவுக்குப் போயிருந்தார், மிஸ் சாப்பிடப் போயிருந்தார். போன் அடித்தது.

“ஹலோ, உது தகவல் குடுக்கிற இடமோ?”

“ஆமாங்க, சொல்லுங்க.”

“தமிழே? நான் சிங்களத்தில கேக்கிறதுக்குப் பாடமாக்கி வைச்சிருந்தனான்” என்றது ஒரு பெண் குரல்.

“அதையும் சொல்லுங்க, பிழை பாத்துச் சொல்றேன்.”

சிரித்தார். “நீங்கள் இந்தியாவோ? கதை அப்பிடிக் கிடக்கு.”

“ஹுன்னஸ்கிரிய. இந்தியாவுக்குப் போனா எங்களை சிலோன்காரன்னு சொல்றாங்க. உங்களுக்கு எது வசதியோ அப்படியே வச்சுக்கங்க.”

“கோவிக்காதேங்கோ அண்ணா. நான் வன்னியில இருந்து கதைக்கிறன்.”

அவர் கண்ணிவெடி அகற்றும் பெண்களில் ஒருவர். முழங்காலில் இருந்து, மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டிக்கொண்டு முன்னுக்குப் போகும் வேலை. அவருடைய வைசரில் கோடு விழுந்திருந்தது.

“சிலந்தி வலை மாதிரி அண்ணா. நிழலில தெரியாது. வெயிலுக்குப் பிடிச்சால் வடிவாத் தெரியும். பட்டி பூட்டுற ஓட்டையைச் சுத்தி கூடக் கிடக்கு.”

“கீழ விழுந்துச்சா?”

“இல்லை.”

“எதால துடைக்கிறீங்க?”

“துணியால.”

“துணியில என்ன போடுறீங்க?”

பின்னால் வேறு பெண்களின் குரல் கேட்டது, யாரோ “சொல்லடி” என்றார்கள்.

“சிரிக்கக் கூடாது” என்றார். “தைலம்.”

“என்ன தைலம்?”

“தலையிடிக்குப் பூசுற தைலம்தான். வேற என்ன?”

அவர் சொன்னது இது. வைசருக்குள் மூச்சு விட விடப் பனிமூட்டம் மாதிரிப் புகார் பிடிக்கும். உள்ளே வேலை செய்யும்போது வைசரைத் தூக்கித் துடைக்க முடியாது, தூக்கினால் வேலை போகும், முகமும் போகலாம். வன்னி வெயிலில் எல்லோருக்கும் தலையிடி. ஒருத்தி நெற்றிக்குத் தைலம் பூசிய கையோடு வைசரின் உள்பக்கத்தைத் தொட்டிருக்கிறாள். அந்த இடத்தில் மட்டும் புகார் பிடிக்கவில்லை. “பிறகென்ன அண்ணா, எங்கட ரீமில எல்லாரும் பூசினது. தலையிடியும் இல்லை, புகாரும் இல்லை. பக்கத்து ரீமுக்கும் நாங்கள்தான் சொல்லிக் குடுத்தனாங்கள்.” அதைச் சொல்லும்போது குரலில் ஒரு பெருமை இருந்தது. எனக்கும் அது நல்ல கண்டுபிடிப்பாகத்தான் பட்டது. எந்த நாட்டுக் கடதாசியிலும் தலையிடித் தைலம் பற்றி எழுதியிருக்கவில்லை. எழுதியவர்களுக்கு எங்கள் ஊர்த் தலையிடி தெரியாது.

ஆனால் எண்ணெய்கள் பற்றி எழுதியிருந்தார்கள். அலுமாரியைத் திறந்து வைசர் செய்தவர்களின் கடதாசியை எடுத்தேன். சவர்க்காரத் தண்ணீரால் மட்டும் கழுவவும். வாசனை எண்ணெய், பெற்றோல், தின்னர் பட்டால் நுண்ணிய வெடிப்புகள் உண்டாகலாம், பாதுகாப்புக் குறையலாம். சந்தேகம் இருந்தால் விநியோகித்தவரைக் கேட்கவும். ஹாஜியாரின் சட்டப்படி இதைத் தமிழில் வாசித்தேன், விளக்கினேன், நிறுத்தினேன்.

“குறையலாம் எண்டால்? குறையுமோ குறையாதோ?”

“பேப்பர்ல அவ்வளவுதாங்க போட்டிருக்கு.”

“தந்தவையைக் கேக்கச் சொல்லிக் கிடக்கு எண்டியள். கேட்டனாங்கள். பெட்டியில இருக்கிற நம்பருக்கு எடுக்கச் சொன்னவை. அந்த நம்பர் நீங்கள்.”

கடதாசியை மறுபடி திருப்பிப் பார்த்தேன்.

“எங்கட பொறுப்பாளர் சொல்லுறார், உது கீறல்தான், போடு எண்டு. திங்கக்கிழமை நான் உள்ளுக்கு இறங்கோணும். உங்கட தங்கச்சி எண்டால் போட விடுவியளோ?”

அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. தங்கச்சி இல்லாவிட்டால் போட விடலாமா? ஆனால் அவர் கேட்டது நியாயம். இரண்டு பக்கமும் கதவை மூடிவிட்டு நடுவில் ஒரு பெண்ணை நிறுத்தியிருந்தோம், அந்தக் கதவுகளில் ஒன்றை மூடிக்கொண்டிருந்தது நான்.

“போடாதீங்க” என்றேன். “கோடு விழுந்த எதையும் யாரும் போடாதீங்க. தைலத்த நெத்தியோட நிப்பாட்டுங்க.”

“ஓம்” என்றார். அவ்வளவுதான், வைத்துவிட்டார்.

மிஸ் வந்ததும் சொன்னேன். ஒளிக்கிற பழக்கம் எனக்கு இல்லை, ஒளித்து வைக்க இடமும் இருந்ததில்லை. மிஸ் கையில் இருந்த பையை மேசையில் வைத்தார்.

“அய்யோ மல்லி.”

“சொன்னது சரியா, பிழையா மிஸ்?”

“சரி. அதுதானே பிரச்சினை.”

திங்கட்கிழமை கொழும்பில் இருந்து போன் வந்தது. அந்த ரீமில் இருந்த பெண்கள் எல்லோரும் உள்ளே இறங்க மாட்டோம் என்று மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள். கண்டியில் இருந்து சொன்னார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். ஹாஜியார் போனைக் காதில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆமாம் ஐயா, சரி ஐயா என்று சிங்களத்தில் “ஓ மாத்தயா, ஹரி மாத்தயா” போட்டுக்கொண்டிருந்தார். வைத்துவிட்டு எனக்கும் சேர்த்துப் பிளேன்டீ சொன்னார். கோபப்படும்போது அவர் டீ சொல்வார்.

“ஏன்டா மகன் இப்பிடி செஞ்ச?”

“கேட்டாங்க, சொன்னேன்.”

“வாசிக்கச் சொன்னேன். சொல்லச் சொல்லல்ல.”

“வாசிச்சேன் ஹாஜியார். அதுல பதில் இல்ல. நம்மளக் கேக்கச் சொல்லி இருந்துச்சு.”

“நீ நல்லது செஞ்சிட்டதாத்தான் நெனைக்கிற. ஒன்னு யோசிச்சியா? இந்தக் கந்தோர் யாருடது? ஒரு சோனகன்ட. போன்ல பேசினது யாரு? தோட்டத்துத் தமிழன். கேட்டது யாரு? வன்னிப் புள்ள. பேசினது எதப் பத்தி? ஆர்மி மொறையில பாஸான சாமானப் பத்தி. இத எவனாச்சும் கோத்து வாசிச்சா எப்பிடி வாசிப்பான்? நம்மட பேர மட்டும் பாத்தாலே போதும் அவனுக்கு.”

அவர் பயந்ததில் பொய் இல்லை. அவருடைய பயத்தைப் பார்த்து நான் சிரிக்கவில்லை, இப்போதும் சிரிக்க மாட்டேன். முஸ்லிம் கடைகளைத் தாக்கிய கலவரத்தில், கண்டியில் கடை வைத்திருக்கும் அவருடைய சொந்தக்காரர்கள் ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே இருந்த நாட்கள் எனக்கும் தெரியும். ஆனால் பயம் அவருடையது, முகம் அந்தப் பெண்ணுடையது. இரண்டையும் ஒரே தராசில் போட முடியாது.

“இப்ப அந்தப் புள்ளக்கி போன் எடுத்து, நாங்க செக் பண்ணினோம், பிரச்சின இல்லன்டு சொல்லு. அவ்வளவுதான். கொம்பனிக்காரன் அதத்தான் கேக்குறான்.”

“செக் பண்ணலயே ஹாஜியார்.”

“அப்ப பண்ணுவோம்” என்றார். அதை அவர் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அலுமாரியில் மாதிரிக்கு வைத்திருந்த வைசர் ஒன்று இருந்தது. மிஸ் அதைப் பலகையில் வளைத்து, நெற்றியில் கட்டும்போது இழுபடுவது போலவே ஆணி போட்டு இறுக்கினார். நான் கீழே போய் தலையிடித் தைலம் ஒரு போத்தல் வாங்கி வந்தேன். கடைக்காரர், “யாருக்குத் தலையிடி?” என்றார். “ஹாஜியாருக்கு” என்றேன், பொய் இல்லை. துணியில் நனைத்து உள்பக்கம் பூசினோம், காலையும் பின்னேரமும். கந்தோர் முழுக்கக் காய்ச்சல்காரன் அறை மாதிரி மணத்தது. வந்த வாடிக்கையாளர்கள் எங்களை அனுதாபத்தோடு பார்த்தார்கள். அந்த வாரம் முடிவதற்குள் ஆணியைச் சுற்றி மெல்லிய கோடுகள் வந்துவிட்டன, அவர் சொன்ன அதே சிலந்தி வலை. மிஸ் அதை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது.

ஆனால் கோடு வந்தது என்றால் உடையும் என்று அர்த்தமில்லை. சரியான சோதனைக்கு சுட்டுப் பார்க்க வேண்டும். கண்டியில் எங்கே சுடுவது? ஹாஜியார் சந்தையில் இருந்து ஒரு இரும்பு எடைக்கல் வாங்கி வரச் செய்தார். வைசரைக் கீழ்த்தளத்தில், படிக்கட்டுக்கு நடுவில் இருக்கும் வெளியில், மணல் பைக்கு மேலே வைத்தோம். துணிக்கடைப் பெண் பிள்ளைகள் வேலையை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். “தள்ளி நில்லுங்கம்மா” என்று நான் கத்தியதும் சிரித்துக்கொண்டே ஓரடி தள்ளினார்கள். ஹாஜியார் மூன்றாம் மாடியில் இருந்து பிஸ்மி சொல்லிக் கல்லைப் போட்டார்.

கல் வைசரில் விழுந்து, துள்ளி, சுவரில் பட்டு, சீமெந்தைப் பெயர்த்தது. வைசர் உடையவில்லை. பிள்ளைகள் கை தட்டினார்கள்.

“பாத்தியா?” என்று மேலே இருந்து சத்தம் வந்தது. அவர் குரலில் வெற்றி இல்லை, பெரிய பாரம் ஒன்று இறங்கியது மாதிரிதான் இருந்தது.

நான் வைசரைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு பள்ளம்கூட இல்லை. மேலே ஏறி வரும்போது, ஒருவேளை நான்தான் பிழையோ, அந்தப் பெண்களைச் சும்மா மரத்தடியில் உட்கார வைத்துவிட்டேனோ என்று யோசித்துக்கொண்டே வந்தேன். வெட்கப்படவில்லை, யோசித்தேன்.

மிஸ்தான் முதலில் பேசினார். “ஹாஜியார், இது டெஸ்ட் இல்ல. கல்லு மெதுவா விழுது. வெடிச்சா வாற துண்டு சின்னது, வேகம் கூட. கோடு இருக்கிற பிளாஸ்டிக் மெதுவான அடியத் தாங்கும், வேகமான அடிக்கு வேற மாதிரி நடக்கலாம். நடக்காமலும் இருக்கலாம். எனக்குத் தெரியாது.”

“எங்க அனுப்பினா தெரியும்?”

“வெளிநாட்டுக்கு. வாறதுக்கு மாசக்கணக்காகும்.”

“அதுவரைக்கும் அந்தப் புள்ளைங்க என்ன செய்ற?”

“எனக்குத் தெரியாது” என்பதை எழுத்தில் தருவீர்களா என்று ஹாஜியார் கேட்டதற்கு, மிஸ் முடியாது என்று தலையசைத்தார். வெளிநாட்டில் படிக்கப் போவதற்கு அவருக்கு அந்தக் கொழும்புக் கொம்பனியின் சிபாரிசு வேண்டியிருந்தது. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். வாயால் சொன்னார், அதுவே பலர் செய்யாதது.

ஹாஜியார் போனை எடுத்து, அந்தப் பெண் அழைத்த இலக்கத்தை அழுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தார். “கல்லு போட்டோம், ஒடையல்லன்டு சொல்லு. பொய் இல்லையே? நடந்ததச் சொல்லு. அதுக்கு மேல ஒன்னும் வேணாம்.”

அவர் புத்திசாலி. பொய் சொல்லச் சொல்லவில்லை. உண்மையில் பாதியைக் கேட்டார், அந்தப் பாதியைக் கேட்டு அந்தப் பெண் தானே வைசரைப் போட்டுக்கொண்டு இறங்குவார். நாளைக்கு யார் கேட்டாலும் நாங்கள் தகவல்தான் கொடுத்தோம்.

“ஹலோ?”

“தங்கச்சி, கண்டியில இருந்து பேசுறேன்.”

“சொல்லுங்கோ அண்ணா. நாங்கள் இன்னும் மரத்தடியிலதான். பேச்சு வாங்கி வாங்கிக் காது அடைச்சுப் போச்சு. கண்டி மாமா என்ன சொல்லுறார் எண்டு எல்லாரும் பகிடி பண்ணுறாங்கள்.”

“நாங்க ஒரு வைசருக்குத் தைலம் பூசிப் பாத்தோம். உங்களுக்கு வந்த மாதிரியே கோடு வந்துச்சு. மேல இருந்து கல்லு போட்டோம். உடையல.”

“உடையேல்லையோ?” குரல் மாறியது. ஹாஜியார் தலையை ஆட்டி, போதும் என்று கையைக் காட்டினார்.

“உடையல. ஆனா அது சரியான சோதனை இல்ல. சரியான சோதனைய இங்க யாராலும் செய்ய முடியாது. உடையுமா உடையாதான்னு எங்க மூணு பேருக்கும் தெரியாது. தெரியாததப் போட்டுக்கிட்டு இறங்குன்னு நான் சொல்ல மாட்டேன். அன்னைக்குச் சொன்னதுதான் இன்னைக்கும். போடாதீங்க.”

ஹாஜியார் போனைக் கையில் எடுத்தார். ஆனால் அழைப்பைத் துண்டிக்கவில்லை. அந்தப் பக்கம் அந்தப் பெண் மற்றவர்களிடம் திரும்பிச் சொல்வது கேட்டது. “தெரியாதாம். போட வேண்டாமாம்.” யாரோ ஒருத்தி, “தெரியாது எண்டு சொல்லுறதுக்கு ஒரு கந்தோரோ?” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவர் போனுக்கு வந்து, “சரி அண்ணா, நாங்கள் எழும்பேல்ல” என்றார்.

ஹாஜியார் அப்போதுதான் வைத்தார்.

கந்தோரில் தைலம் இன்னும் மணத்தது.

“நீ ஒன்ட சாமானெல்லாம் எடுத்துக்க மகன்” என்றார். “நான் கெட்டவன் இல்ல. ஒன்னய வெச்சுக்கிட்டு எனக்குத் தூக்கம் வராது.”

“தெரியும் ஹாஜியார்.”

“மன்னிப்புக் கேட்டா யோசிக்கலாம். கொம்பனிக்காரன்ட்ட நான் பேசுறேன்.”

“எதுக்குங்க கேக்கணும்?”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். மிஸ் கதிரையைத் திருப்பிக்கொண்டார். வேலை எனக்கு வேண்டியிருந்தது. வேண்டாம் என்று பெருமைக்குச் சொல்ல மாட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு இடத்தில் கால் நின்றது அங்கேதான், காலையில் அந்த அலுமாரியைத் திறந்தால் மணக்கும் பழைய கடதாசி மணம் எனக்குப் பிடிக்கும். இத்தனை நாள் எத்தனையோ வேலையை நானாக விட்டிருக்கிறேன். இதை நானாக விடவில்லை. அதனால்தான் மன்னிப்புக் கேட்காமல் இறங்கினேன். விரும்பாத வேலைக்காக ஒரு பொய் சொல்லியிருந்தால் மறந்துவிடலாம். விரும்பிய வேலையில் ஒரு பாதி உண்மையைச் சொல்லிவிட்டு, பிறகு ஒவ்வொரு காலையும் அந்த அலுமாரியை எப்படித் திறப்பது?

மிஸ் படி வரைக்கும் வந்தார். “மல்லி, எனக்கு வெட்கமா இருக்கு” என்றார்.

“நீங்கதான மிஸ் அது டெஸ்ட் இல்லன்னு சொன்னீங்க. நான் அத வாங்கித்தான் சொன்னேன்.”

“போன் நம்பர் மாத்தாத” என்றார்.

இப்போது கட்டுகஸ்தோட்டையில் முச்சக்கர வண்டி உதிரிப்பாகக் கடையொன்றில் நிற்கிறேன். கிரீஸும் ரப்பரும் மணக்கிற கடை. முதலாளி பரவாயில்லை. கால் மறுபடி அரிக்கத் தொடங்கிவிட்டது, எவ்வளவு நாள் இருப்பேன் என்று தெரியாது.

அந்தப் பெண் என் இலக்கத்தை எப்படியோ எடுத்து அழைத்தார். மிஸ்தான் கொடுத்திருப்பார், நான் கேட்கவில்லை. மேலிடத்தில் இருந்து ஆட்கள் வந்து வைசர்களை வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தார்களாம். கோடு விழுந்ததையெல்லாம் பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு போய், புதியவை கொடுத்தார்களாம். ஏன் என்று சொல்லவில்லை. சோதனைக்கு அனுப்பினார்களா, குப்பையில் போட்டார்களா என்றும் தெரியாது. மரத்தடியில் இருந்த நாட்களுக்கு அந்தப் பெண்களை ஒழுங்கு மீறியவர்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். “அது கிடக்கட்டும் அண்ணா” என்றார். “முகத்தில ஒண்டும் எழுதேல்லத்தானே.”

அந்த வைசர் உடைந்திருக்குமா என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசைதான். ஆனால் நாளைக்கே யாராவது வந்து, உடைந்திருக்காது, நீ சும்மா பயங்காட்டினாய் என்று கடதாசியோடு நிரூபித்தாலும் நான் சொன்னதைத் திருப்பி எடுக்க மாட்டேன். அன்றைக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்வதும் தகவல்தான். தெரியாததை மறைத்து ஒருத்தியைக் கண்ணிவெடி நிலத்தில் இறக்குவதற்கு என்ன பேர் வைப்பார்களோ, அது தகவல் இல்லை.

போன வாரம் கடையில் கூட்டம். வண்டிக்காரர்கள் பிரேக் கேபிளுக்கும் பிளக்குக்கும் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். போன் அடித்தது. புதுக் குரல்.

“அண்ணாவோ? நான் வேற ரீம். அக்கா சொன்னவா உங்களைக் கேக்கச் சொல்லி. நெஞ்சுக்குப் போடுற கவசம் அண்ணா, மழையில ஊறிப் போச்சு. காய வைச்சனாங்கள். இனிப் போடலாமோ?”

“உள்ளுக்கு என்ன துணி, உறை கிழிஞ்சிருக்கா?”

“ஓம், ஒரு மூலையில கிழிஞ்சு கிடக்கு.”

“எனக்கு அதப்பத்தித் தெரியாது தங்கச்சி. தெரிஞ்ச ஆளக் கேட்டுச் சொல்றேன். எப்ப இறங்குறீங்க?”

“நாளைக்குக் காலமை.”

“நான் திரும்பப் பேசுற வரைக்கும் இறங்காதீங்க.”

முன்னால் நின்ற வண்டிக்காரர் மேசையில் சாவியைத் தட்டினார். “மல்லி, கேபிள் தருவியா, இல்ல போன்லயே இருப்பியா?”

“நில்லுங்க அய்யா” என்று சொல்லிவிட்டு மிஸ்ஸின் இலக்கத்தை அழுத்தினேன்.